நூலகங்கள் சேர்ந்து மென்பொருளுக்குப் பணம் போடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நூற்பட்டியலையும் இரவலையும் கணினியில் நடத்த உதவும் கோஹா, எவர்கிரீன் போன்ற திறந்த மூல (நிரலை யாரும் பார்த்து மாற்றக்கூடிய) நூலக மென்பொருள்களை மேம்படுத்தப் பல நூலகங்கள் கூட்டாகப் பணம் போடலாம் என்று எங்கு பேசினாலும் நூலகர்களும் நூலகக் குழு உறுப்பினர்களும் கல்லூரிக் கணக்கு அலுவலர்களும் கேட்கும் கேள்விகள் இவை. பதில்களில் என் சொந்தக் கருத்தும் கலந்திருக்கிறது.

மென்பொருள் இலவசம்தானே, பிறகு எதற்குப் பணம்?

உரிமக் கட்டணம் மட்டும்தான் இல்லை. நிரல் எழுதுபவருக்கு வீட்டு வாடகை உண்டு. அதைச் சோதித்துப் பார்ப்பவருக்கும் கையேடு எழுதுபவருக்கும் உண்டு. கோஹாவை இறக்கி நிறுவிக்கொள்ள யாருக்கும் ஒரு ரூபாயும் தர வேண்டாம். ஆனால் அதில் இல்லாத ஒரு வசதி வேண்டுமென்றால் மூன்று வழிகள்தான்: நீங்களே எழுத வேண்டும், ஆள் வைத்து எழுதச் சொல்ல வேண்டும், அல்லது வேறு யாராவது எழுதும்வரை காத்திருக்க வேண்டும். நம் நூலகங்களில் பெரும்பாலானவை மூன்றாவது வழியில் பல ஆண்டுகளாக நிற்கின்றன. இரண்டாவது வழியின் செலவைப் பலர் பங்கிட்டுக்கொள்வதற்குத்தான் கூட்டு நிதி என்று பெயர்.

இது எங்கே தொடங்கியது?

நியூசிலாந்தில், லெவின் என்ற சிறிய ஊரில். ஹோரோஃபெனுவா நூலக அறக்கட்டளை வைத்திருந்த பழைய மென்பொருள் 2000-ஆம் ஆண்டைத் தாண்டாது என்று தெரிந்துபோனது. ஒய்-டூ-கே என்று உலகமே பயந்த காலம் அது. சந்தையில் கிடைத்தவற்றை வாங்கும் வசதி அந்த நூலகத்துக்கு இல்லை. கிளை நூலகங்களை இணைத்திருந்த தொலைபேசிக் கம்பிகளுக்கும் அவை பொருந்தவில்லை. 1999-ல் காட்டிபோ என்ற நியூசிலாந்து நிறுவனத்தை அமர்த்தி, இணைய உலாவியிலேயே இயங்கும் புதிய மென்பொருள் ஒன்றை, அதாவது கோஹாவை, எழுதவைத்தார்கள். முதல் நிரலை எழுதியவர்களில் ஒருவரான கிறிஸ் கார்மாக் பின்னாளிலும் அந்தத் திட்டத்தில் தொடர்ந்தார். 2000 ஜனவரியில் நூலகம் அதில் இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டில் நிரலை ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தின் கீழ் உலகுக்குத் திறந்துவிட்டார்கள்.

ஏன் திறந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். நூலகத்துக்கு மென்பொருள் வியாபாரம் செய்யும் எண்ணம் இல்லை. தான் மட்டுமே பயன்படுத்தினால் பராமரிப்புச் செலவு முழுவதும் தன் தலையில்தான் விழும் என்பதும் தெரிந்திருந்தது.

அவர்கள் வைத்த பெயரே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. மாவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு. வாங்கியவர் ஒருநாள் திருப்பிச் செய்வார் என்ற எதிர்பார்ப்பும் அதில் சேர்ந்தே இருக்கிறது. நமக்கு இதை விளக்கவே வேண்டாம், மொய் எழுதிய கை எல்லோருக்கும் உண்டு. நோட்டில் ஏறிய தொகை கடன்பத்திரம் ஆகாது. ஆனாலும் அடுத்த வீட்டு விசேஷத்தில் அதை மறந்துவிட்டுப் போய் உட்கார்ந்து சாப்பிட முடியாது.

அப்படியானால் பணம் கொடுக்காமல் பயன்படுத்துவது தவறா?

தவறில்லை, உரிமமே அதை அனுமதிக்கிறது. ஒரு தாலுகா நூலகமோ பள்ளி நூலகமோ கோஹாவை இறக்கிப் போட்டு இருபது ஆண்டுகள் ஓட்டினாலும் யாரும் குறை சொல்லப்போவதில்லை. சொல்லவும் கூடாது.

நான் கேள்வி கேட்பது வேறு இடத்தில். விலைக்கு வாங்கிய மென்பொருளுக்கு ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் கட்டிவந்த பெரிய நிறுவனம் கோஹாவுக்கு மாறியதும், அந்தத் தொகையை வரவுசெலவுத் திட்டத்திலிருந்து முழுதாக வெட்டிவிடுகிறது. மிச்சமானதில் பத்தில் ஒரு பங்கையாவது எல்லோரும் பயன்படுத்தும் பொது நிரலுக்கு ஒதுக்கலாம். அப்படி ஒதுக்காமல், மூன்று ஆண்டுகள் கழித்து ‘இதில் அது இல்லை, இது இல்லை’ என்று முறையிடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

கூட்டாகப் பணம் போட்டு உண்மையில் ஏதாவது நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. தொடக்க காலக் கோஹாவில் மார்க் என்ற பதிவு வடிவம் இல்லை. நூல் விவரங்களைக் கணினியில் பதிய நூலகங்கள் பொதுவாகப் பயன்படுத்தும் வடிவம் அது. மார்க் இல்லாமல் பிற நூலகங்களின் பட்டியல் பதிவுகளை வாங்கவும் முடியாது, கொடுக்கவும் முடியாது. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்திலுள்ள நெல்சன்வில் பொது நூலகம் கோஹாவுக்கு மாற விரும்பியபோது அந்த வேலைக்குப் பணம் தர முன்வந்தது. எழுதும் பணியில் பிரான்சைச் சேர்ந்த பால் பூலாங் முக்கியப் பங்காற்றினார். இன்று சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு நூலகர் கோஹாவில் மார்க் பதிவைத் திறக்கும்போது, நியூசிலாந்து ஊர் ஒன்றும் ஓஹையோ ஊர் ஒன்றும் கொடுத்த காசின் மேல்தான் வேலை செய்கிறார்.

இன்னும் பெரிய எடுத்துக்காட்டு எவர்கிரீன். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பொது நூலகங்களின் பைன்ஸ் என்ற கூட்டமைப்பில் ஒரே உறுப்பினர் அட்டையைக் கொண்டு மாநிலத்தின் 250-க்கும் மேற்பட்ட நூலகங்களில் இரவல் வாங்கலாம். அந்த அளவைத் தாங்கும் மென்பொருள் சந்தையில் கிடைக்காததால் 2004-ல் தாங்களே எழுதத் தொடங்கி, 2006 செப்டம்பரில் மொத்தமாக அதற்கு மாறினார்கள். பிறகு மாசசூசெட்ஸ், இந்தியானா, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா என்று பல கூட்டமைப்புகள் அதில் சேர்ந்தன.

நான் எல்லோரிடமும் சொல்லும் கதை அதற்குப் பிறகு நடந்தது. எவர்கிரீனில் நூலகப் பணியாளர்கள் பயன்படுத்தும் பகுதி உலாவியில் இயங்கவில்லை. மொசில்லாவின் ஸூல் என்ற தொழில்நுட்பத்தில் எழுதப்பட்ட தனிச் செயலியாக ஒவ்வொரு கணினியிலும் நிறுவ வேண்டியிருந்தது. மொசில்லா ஸூலைக் கைவிடத் தொடங்கியதும் அந்தச் செயலியின் அடித்தளமே ஆட்டம் கண்டது. ஆனால் அன்றைக்கு அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. இரவல் மேசையில் இருப்பவருக்கு ஒரு குறையும் தெரியாது. ஓடுகிற ஒன்றை முழுதாகத் திருப்பி எழுத எந்த நூலகக் குழு தனியாகப் பணம் ஒதுக்கும்? புதிய வசதி என்று சொல்லிக் காட்டவும் ஒன்றும் இருக்காது. ஜார்ஜியாவும் மாசசூசெட்ஸ் கூட்டமைப்புகளும் உள்ளிட்ட பல தரப்புகள் சேர்ந்து வேலையைக் கட்டம் கட்டமாகப் பிரித்தன. முதலில் இரவல், பிறகு பட்டியலாக்கம், பிறகு நிர்வாகம் என்று கட்டத்துக்குக் கட்டம் பணம் திரட்டின. 2017-ல் வந்த எவர்கிரீன் 3.0 பதிப்பில் உலாவி வழிப் பணியாளர் பக்கம் முழுப் பயன்பாட்டுக்குத் தயாரானது. அடுத்த ஆண்டு பழைய செயலி விடைபெற்றது.

கண்மாய்க் கரை உடைவதற்கு முன்பே ஊர் கூடி மண் போடுவதைக் குடிமராமத்து என்போம். கூட்டு நிதி மிகவும் தேவைப்படுவது இப்படிப்பட்ட வேலைக்குத்தான்.

செலவை எப்படிப் பங்கிடுவது?

ஒரு பேச்சுக்கு, ஒரு மேம்பாட்டுக்கு 6 லட்சம் ரூபாய் என்று விலைப்புள்ளி வருகிறது, 12 நூலகங்கள் சேர்கின்றன என்று வைத்துக்கொள்வோம். சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 50,000. கணக்கு எளிது. ஆனால் இரண்டாயிரம் மாணவர் உள்ள கல்லூரியும் இருபதாயிரம் மாணவர் உள்ள பல்கலைக்கழகமும் ஒரே தொகை தருவது நியாயமாகத் தோன்றாது. உறுப்பினர் எண்ணிக்கை அல்லது ஆண்டு இரவல் எண்ணிக்கையைக் கொண்டு இரண்டு மூன்று படிநிலைகள் வைப்பது நல்லது. அதற்கு மேல் நுணுக்கமாகப் போனால் சூத்திரத்தைப் பற்றிப் பேசியே ஒரு நிதியாண்டு போய்விடும்.

சூத்திரத்தைவிட முக்கியம் ஒன்று உண்டு: மொத்தத் தொகைக்கும் வாக்குறுதி சேர்ந்த பிறகே யாரும் பணம் கட்ட வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். பாதி சேர்ந்த நிலையில் வேலையைத் தொடங்கி, மார்ச் மாதம் இருவர் பின்வாங்கினால் மீதிப்பேர் மாட்டிக்கொள்வார்கள். பணத்தை யார் பெயரில் வைப்பது என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். ஒரு நூலகம் முன்னின்று பணி ஆணை கொடுத்து மற்றவர்கள் அதற்குப் பங்கு செலுத்தலாம். அல்லது பதிவு பெற்ற நூலகர் சங்கம் ஒன்றின் கணக்கு வழியாகச் செய்யலாம்.

பணம் கொடுத்தால் கேட்டது கிடைத்துவிடுமா?

கொடுத்தவர் என்பதற்காக மட்டும் கிடைக்காது. இதைப் புரிந்துகொள்ளாமல் மனக்கசப்பு அடைந்தவர்கள் பலர்.

கோஹாவில் ஒவ்வொரு மேம்பாடும் பக்ஸில்லா என்ற பொதுப் பதிவேட்டில் ஓர் எண்ணோடு தொடங்குகிறது. நிரலாளர் எழுதி முடித்ததும் ‘ஒப்புதல் தேவை’ என்ற நிலைக்கு வரும். எழுதியவர் அல்லாத இன்னொருவர் அதை இயக்கிப் பார்த்துக் கையொப்பம் இட வேண்டும். பிறகு தரச் சோதனைக் குழு வரிவரியாகப் பார்க்கும். அதிலும் தேறினால்தான் அந்தப் பதிப்பின் பொறுப்பாளர் அதைப் பொது நிரலில் சேர்ப்பார். எழுதியவர், சோதித்தவர், தரம் பார்த்தவர் எல்லோரும் ஒரே நிறுவனத்தின் ஆட்களாக இருக்கக் கூடாது என்பது அங்குள்ள வழக்கம். புதிய பதிப்புகள் ஆண்டுக்கு இரண்டு முறை, மே மாதமும் நவம்பர் மாதமும் வரும். அதற்குச் சில வாரங்கள் முன்பே புதிய வசதிகளுக்குக் கதவு சாத்தப்படும்.

ஆகவே நிரல் எழுதும் செலவை மட்டும் திரட்டினால் போதாது. பக்ஸில்லாவில் ஒப்புதலுக்குக் காத்திருந்து, இடையில் பொது நிரல் மாறிவிட, ஒட்ட முடியாமல் போன வேலைகளைப் பார்த்திருக்கிறேன். சோதனைக்கும் திருத்தத்துக்கும் கையேட்டுக்கும் சேர்த்தே விலைப்புள்ளி கேளுங்கள். உங்கள் பணியாளர்களில் இருவரையாவது சோதனைக்கு ஒதுக்குங்கள்.

இன்னொன்றும் உண்டு. நூலகர் எழுதித் தரும் தேவைக் குறிப்பு தெளிவாக இருந்தால் செலவு பெருமளவு குறையும். ‘அபராத முறையைச் சரிசெய்ய வேண்டும்’ என்று எழுதினால் யாருக்கும் புரியாது. ‘தேர்வு விடுமுறையில் நூலகம் மூடியிருந்த நாட்களுக்கு அபராதம் ஏறக் கூடாது, ஆனால் விடுதி மாணவர்களுக்கு மட்டும் அந்த நாட்களும் கணக்கில் வர வேண்டும்’ என்று எழுதினால் நிரலாளருக்கு வேலை தொடங்கிவிடும். இதை எழுத நிரல் தெரிய வேண்டாம். இரவல் மேசையில் பத்து ஆண்டுகள் உட்கார்ந்த அனுபவம் போதும்.

எங்கள் சர்வரில் மட்டும் மாற்றிக்கொண்டால் வேலை சீக்கிரம் முடியுமே?

முடியும், ஆறு மாதத்துக்கு. நான் முன்பு வேலை பார்த்த ஒரு கல்லூரி நூலகத்தில் இரவல் ரசீதின் அமைப்பை மாற்ற உள்ளூர் இளைஞர் ஒருவர் நேரடியாக மூல நிரலில் கை வைத்தார். அழகாகச் செய்தார், எல்லோரும் பாராட்டினோம். அடுத்த பதிப்புக்கு மாறியபோது அந்த மாற்றம் மறைந்துபோனது. இளைஞரும் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டார். மாற்றத்தை இழக்க மனமில்லாமல் நான்கு ஆண்டுகள் பதிப்பை உயர்த்தாமலே ஓட்டினோம். அந்த நான்கு ஆண்டுகளில் வந்த பாதுகாப்புத் திருத்தங்கள் எதுவும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. இப்போது நினைத்தாலும் பதறுகிறது, அந்த சர்வரில் அத்தனை மாணவர்களின் முகவரியும் தொலைபேசி எண்ணும் இருந்தன.

பொது நிரலில் சேர்ந்த மாற்றத்தை அடுத்தடுத்த பதிப்புகள் தாமாகவே சுமந்து செல்லும்.

பணம் போட்டவர்களுக்கு நிரல் சொந்தமா?

நிரல் ஜிபிஎல் உரிமத்தில் இருக்கும், எல்லோரும் பயன்படுத்தலாம், மாற்றலாம். பணம் போடாதவருக்கும் அதே உரிமை. உங்களுக்குக் கிடைப்பது வரிசையில் முன்னுரிமையும், எப்படி அமைய வேண்டும் என்று சொல்லும் இடமும். நிரலைச் சேர்க்கும் குறிப்பில் ‘நிதி உதவி’ என்று நூலகத்தின் பெயரைப் போடும் வழக்கமும் உண்டு. அந்தப் பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பிலும் பெயர் வரும்.

ஒரு சட்ட நுணுக்கத்தைத் தெரிந்துகொள்வது அவசியம். மாற்றிய மென்பொருளைப் பிறருக்கு வழங்கும்போதுதான் நிரலையும் தர வேண்டும் என்கிறது ஜிபிஎல். தன் சர்வரிலேயே வைத்து இணையம் வழியாகச் சேவையாக மட்டும் ஒரு நிறுவனம் கொடுத்தால் அந்தக் கட்டாயம் இல்லை. 2009-ல் லிப்லைம் என்ற அமெரிக்க நிறுவனம் தன் வாடிக்கையாளருக்கெனத் தனிக் கோஹா பதிப்பை அறிவித்தபோது உலகெங்கும் எழுந்த எதிர்ப்புக்கு இதுவே காரணம். 2010-ல் அந்த நிறுவனத்தை வேறொரு நிறுவனம் வாங்கியது. அடுத்து, நியூசிலாந்தில் கோஹா என்ற பெயருக்கே வணிகக் குறி கேட்டு விண்ணப்பம் வந்தது. பெயர் வைத்த நூலக அறக்கட்டளை எதிர்த்து நின்றது, உலகெங்குமிருந்து பயனர்கள் வழக்குச் செலவுக்கு நன்கொடை அனுப்பினார்கள், விண்ணப்பம் கடைசியில் நிராகரிக்கப்பட்டது. கூட்டு நிதியால் காப்பாற்றப்பட்டவற்றில் அந்தப் பெயரும் ஒன்று.

ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும்?

‘முடிந்த வேலை பொது நிரலுக்குச் சமர்ப்பிக்கப்பட வேண்டும், தரச் சோதனையில் கேட்கப்படும் திருத்தங்களையும் ஒப்பந்ததாரரே செய்ய வேண்டும்’ என்ற வாசகம் கட்டாயம் வேண்டும். கடைசித் தவணையைப் பொது நிரலில் சேர்ந்த பிறகு தருவதாக எழுதலாம். ஆனால் சேர்ப்பது ஒப்பந்ததாரர் கையில் முழுதாக இல்லை என்பதால் ஒரு காலவரம்பும் வையுங்கள், இல்லாவிட்டால் நல்ல சிறு நிறுவனங்கள் உங்களோடு வேலை செய்ய வர மாட்டா.

தணிக்கையில் கேள்வி வராதா? ‘இலவச மென்பொருளுக்கு எதற்குச் செலவு’ என்பார்களே?

வரும். மென்பொருள் வாங்கியதாக எழுதாமல் ‘மேம்பாட்டுச் சேவை’ என்று பணி ஆணையில் எழுதுங்கள். பக்ஸில்லா எண்ணையும் வெளியீட்டுக் குறிப்பின் பக்கத்தையும் கோப்பில் வையுங்கள். யார் வேண்டுமானாலும் திறந்து சரிபார்க்கக்கூடிய சான்று அது.

கூட்டு முயற்சி தோற்றதே இல்லையா?

தோற்றிருக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சில மெல்லன் அறக்கட்டளையின் உதவியோடு குவாலி ஓலே என்ற நூலக மென்பொருளை உருவாக்கின. பல ஆண்டு உழைப்புக்குப் பின் 2014-ல் சிகாகோ, லீஹை பல்கலைக்கழகங்களில் இயங்கத் தொடங்கியது. 2016-ல் அந்தக் கூட்டமைப்பே அதை விட்டுவிட்டு, நூலகங்களுக்குத் தரவுத்தளச் சேவைகள் விற்கும் எப்ஸ்கோ நிறுவனத்தின் பெரும் நிதியோடு தொடங்கிய ஃபோலியோ திட்டத்தில் சேர்ந்தது. நிபுணர்களும் இருந்தார்கள், பணமும் இருந்தது. என் பார்வையில், எல்லாவற்றையும் அடியிலிருந்து புதிதாகக் கட்ட முயன்றதும் பயனர் கூட்டம் சிறியதாகவே இருந்ததும் அதன் பலவீனங்கள். ஏற்கெனவே ஆயிரக்கணக்கான நூலகங்களில் ஓடும் ஒன்றில் சிறு மேம்பாடு செய்வது அவ்வளவு ஆபத்தானதல்ல. முதல் முயற்சியாகச் சின்ன வேலையை எடுங்கள்.

தமிழ் நூலகங்கள் ஏன் இதில் தனியாக அக்கறை காட்ட வேண்டும்?

நமக்கு வேண்டியதை வேறு யாரும் கேட்கப்போவதில்லை என்பதால். இந்தியாவிலும் இலங்கையிலும் எத்தனையோ கல்லூரி, பல்கலைக்கழக நூலகங்கள் கோஹாவில் இயங்குகின்றன. 2011-ல் உலகக் கோஹா மாநாடே மும்பையை அடுத்த தானேயில் நடந்தது. ஆனால் தமிழ்த் தேடல்?

‘தமிழ்’ என்று தேடுகிறோம். நூலின் தலைப்பு ‘தமிழ்ப் பாடம்’ என்றோ ‘தமிழ்ச் செய்யுள்’ என்றோ இருக்கிறது. ஒற்று மிகுந்ததால் கணினிக்கு அவை வேறு சொற்கள். அடித்த எழுத்துகளில் தொடங்கும் சொற்களையெல்லாம் எடுக்கும் முன்னொட்டுத் தேடலை இயக்கினால் இவை கிடைக்கும், கூடவே தமிழ்நாடு பற்றிய நூல்கள் எல்லாம் வந்து குவியும். ‘மரம்’ என்று தேடினால் ‘மரத்தின் கதை’ முன்னொட்டுத் தேடலிலும் சிக்காது. மகரம் கெட்டு அத்துச் சாரியை வந்துவிட்டது அல்லவா? ‘கொ’ என்ற எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. தேடுபொறி அவற்றை ஒருமைப்படுத்தாவிட்டால் ஒரே நூல் ஒருவருக்குக் கிடைக்கும், இன்னொருவருக்குக் கிடைக்காது. கோஹாவின் ஸீப்ரா தேடுபொறியை நிறுவும்போது பல மொழி எழுத்துகளையும் கையாளும் ஐசியூ என்ற முறையைத் தேர்ந்தெடுத்தால் இதில் ஒரு பகுதி தீரும். மேலைநாட்டு எழுத்துகளை மனத்தில் வைத்த இன்னொரு முறையைக் கவனிக்காமல் விட்டுவிட்ட நிறுவல்களை இன்றும் பார்க்கிறேன்.

அடித்தளம் இல்லாமல் இல்லை. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 2019-ல் வந்த 12-ஆம் பதிப்பிலேயே தமிழ்ச் சொற்களின் விகுதிகளைக் களைந்து தேடும் கருவி சேர்ந்துவிட்டது. எவர்கிரீன் இயங்குவது அந்தத் தரவுத்தளத்தின் மேல்தான். அதை நூற்பட்டியல் தேடலில் பொருத்தி, உண்மையான தமிழ்த் தலைப்புகளைக் கொண்டு சோதித்து, தவறுகளைத் திருத்தும் வேலைக்குத்தான் ஆளும் பணமும் வேண்டும். லெவினும் நெல்சன்வில்லும் தங்கள் தேவைக்குக் கொடுத்தார்கள், அதில் நமக்கும் பங்கு கிடைத்தது. வல்லினம் மிகும் இடம் அவர்களுக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை.

எங்களிடம் பணமே இல்லை. என்ன செய்யலாம்?

சோதிக்கலாம். கோஹாவுக்கு ‘சாண்ட்பாக்ஸ்’ என்ற சோதனைத் தளங்கள் உண்டு. எதையும் நிறுவாமல், நிரல் தெரியாமல், உலாவியிலேயே புதிய மாற்றத்தை இயக்கிப் பார்த்துக் கையொப்பம் இடலாம். ஒப்புதலுக்குக் காத்திருக்கும் வேலைகளுக்கு அந்த ஒரு மணி நேரம் பெரிய கொடை. இடைமுகத்தை மொழிபெயர்க்கவும் நிரல் அறிவு தேவையில்லை.

அதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். நாளைக் காலை உங்கள் நூலகத்தின் தேடல் பெட்டியில் ‘மரம்’, ‘மரத்தின்’, ‘மரங்கள்’ என்று மூன்று முறை தனித்தனியாக அடித்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நூல்கள் வருகின்றன என்று ஒரு தாளில் குறியுங்கள். அலமாரியில் இருந்தும் தேடலில் வராத தலைப்புகளைப் பக்கத்தில் எழுதுங்கள். பத்து நூலகங்களிலிருந்து அப்படிப் பத்துத் தாள்கள் சேர்ந்தால் தேவைக் குறிப்பில் பாதி தயார். விலைப்புள்ளி கேட்க அது போதும்.